லியூ செங் எங்கே பார்க்கிறார்?

சென் கைகே இயக்கிய ‘டுகெதர்’ என்ற சீனப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் நேரே ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். பையன் வாசிக்கிறான், அப்பா கலங்கி நிற்கிறார், சைக்கோவ்ஸ்கி பொங்கி வழிகிறது, நம் கண்ணும் நிறைகிறது. உண்மைதான். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ராகமும் கிருதியும் முடிகிற வரை கேன்டீனில் உட்கார்ந்திருந்துவிட்டுத் துக்கடாவுக்கு மட்டும் அரங்கத்துக்குள் வருகிறவர்களோடு இருக்கும் வழக்குப் போன்றது அது. அப்பா லியூ செங்காக வரும் லியூ பெய்ச்சி என்ற நடிகர் படம் நெடுகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததைத்தான் ரயில் நிலையத்தில் சென் கைகே எடுத்துச் செலவழிக்கிறார். சேர்த்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

லியூ பெய்ச்சி என் கண்ணில் முதலில் பட்டது ஸாங் யிமூவின் ‘தி ஸ்டோரி ஆஃப் சியூ ஜு’வில் (1992). கிராமத் தலைவரிடம் படக்கூடாத இடத்தில் உதை வாங்கிக்கொண்டு வீட்டில் கிடக்கும் கணவன். மனைவியாக வரும் கோங் லீ, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றோடு, மிளகாய் விற்ற காசில் வண்டியேறி ஒவ்வோர் அலுவலகமாக நியாயம் கேட்டு அலைகிறாள். புருஷனோ, போதும் விட்டுவிடேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் படத்தில் லியூ பெய்ச்சிக்கு வசனம் குறைவு, நடமாட்டம் அதைவிடக் குறைவு. ஒரு மனிதனின் கூச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அந்தப் பாத்திரத்தை நிறுத்தினார். பத்து வருஷம் கழித்து, 2002இல், ‘டுகெதர்’. இப்போது கதவு கதவாகத் தட்டுகிற முறை அவருடையது. கூச்சம் எங்கும் போய்விடவில்லை. அதை விழுங்கிக்கொண்டு தட்டுகிறார். ஒவ்வொரு முறை யாரிடமாவது பேச வாயைத் திறக்கும்போதும், முந்தின கணத்தில் தொண்டையில் அது இறங்குவது தெரிகிறது. சான் செபாஸ்டியன் விழாவில் அந்த ஆண்டுச் சிறந்த நடிகர் விருதை அவருக்குக் கொடுத்தார்கள். சிறந்த இயக்குநர் விருது சென் கைகேவுக்கு. எனக்கு முதல் விருதில்தான் அதிகச் சந்தோஷம்.

சிவப்புக் கம்பளித் தொப்பியை எடுத்துக்கொள்வோம். பெய்ஜிங்குக்கு வருகிற சமையல்காரர், சேமிப்பு முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு வருகிறார். அதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது என்பது அவர் கணக்கு. தொப்பியே தொலைகிறது. இன்னொரு நடிகராக இருந்தால் அங்கே தரையில் விழுந்து புரண்டிருப்பார். இன்னொரு இயக்குநர் பின்னணியில் ஒரு செல்லோவை இழுக்கவிட்டிருப்பார். லியூ பெய்ச்சி அங்கே செய்வது மிகச் சின்ன விஷயம். பதற்றம் வருகிறது, ஆனால் பையன் பக்கத்தில் இருக்கிறான் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. இரண்டும் ஒரே முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அதற்குப் பிறகு படம் முழுக்க அந்த மனிதர் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார், கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார், எதிராளி மறுப்பதற்குள் சொல்லிமுடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தோடு. ஊரிலிருந்து வந்து பெரிய இடத்து வரவேற்பறையில் நின்றவர்களுக்கு அந்த வேகம் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது தொப்பியைப் பற்றியல்ல, கண்ணைப் பற்றி.

லியூ செங்குக்கு இசை தெரியாது. மகன் ஷியாவ்சுன் நன்றாக வாசிக்கிறான் என்பது நம்பிக்கை. எவ்வளவு நன்றாக என்பது அவர் காதுக்கு எட்டாத விஷயம். அதனால் ஷியாவ்சுன் வில்லை எடுக்கும்போதெல்லாம் அவர் கண் பையனிடம் நிற்பதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் போய்விடுகிறது. போட்டியில் நடுவர்களின் புருவம், முதலில் சொல்லிக்கொடுக்கும் ஜியாங்கின் வாய்க்கோணல், பிறகு வரும் பெரிய பேராசிரியர் யூவின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்பது. மகனின் இசையை அவர் அடுத்தவர் முகத்திலிருந்துதான் படித்துத் தெரிந்துகொள்கிறார். அந்த முகம் மலர்ந்தால் இவர் மலர்கிறார். அது இறுகினால் இவர் கை பையைத் தேடுகிறது, ஏதோ கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்பதுபோல. பெற்றோரின் பேராசையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பேராசைக்கு உட்காருவதற்கு ஒரு துல்லியமான இடத்தை, இரண்டு கண்ணின் திசையில், கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த நடிகர்தான் என்று நினைக்கிறேன். தனக்குத் தெரியாத ஒன்றில் தன் பிள்ளை பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு அடுத்தவர் முகத்தை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

தொடக்கத்தில் பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணுக்காக ஷியாவ்சுன்னை வாசிக்கக் கூப்பிடும் காட்சி வருகிறதே, அதை விளையாட்டுக் காட்சி என்று கடந்துவிடுகிறார்கள். அந்த ஊரில் அவன் இசைக்கு ஓர் உபயோகம் இருந்தது. மருத்துவச்சிக்கு இருப்பது போன்ற உபயோகம். யாரும் மதிப்பெண் போடவில்லை. பெய்ஜிங்கில் இறங்கிய கணத்திலிருந்து அந்த வாசிப்புக்கு வரிசை எண் வந்துவிடுகிறது. அவன் ஐந்தாவது இடம். ஆனாலும் சேர்க்கை கிடையாது, பெய்ஜிங் குடியிருப்புப் பதிவு இல்லை என்பதால். வெளியூரில் பிறந்தவனுக்குத் தலைநகரத்துப் பள்ளிக்கூடமே எட்டாக்கனி என்கிற சீனத்து ஹுகோவ் முறையை இவ்வளவு சுருக்கமாக, ஒரே ஓர் அவமானத்தில் சொல்லிவிட்டு மேலே போகிற படம் அரிது.

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் லாங் லாங்கின் வாழ்க்கையைக் காட்டலாம். 1982இல் ஷென்யாங்கில் பிறந்த பியானோக் கலைஞர். அப்பா எர்ஹு வாசிக்கிறவர். வேலையை விட்டுவிட்டுச் சிறு பையனைக் கூட்டிக்கொண்டு பெய்ஜிங்குக்கு வந்தார். அம்மா ஊரிலேயே இருந்து சம்பாதித்து அனுப்பினார். நம்பிப் போன ஆசிரியை கைவிட்டார். ஒரு நாள் பயிற்சிக்கு நேரம் தப்பி வந்த மகனிடம் அப்பா மாத்திரையை நீட்டிச் செத்துப்போ என்றார் என்பதை மகனே 2008இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னால் மத்திய இசைக் கல்விக்கழகத்தில் இடம் கிடைத்தது, உலகமே அறிந்த பெயரானார். சென் கைகேவின் படம் அந்தப் புத்தகத்துக்கு ஆறு வருஷம் முந்தியது. தலைநகரத்துச் சின்ன அறை, வேலையை விட்ட அப்பா, கோபக்கார ஆசிரியர் என்பதெல்லாம் அந்தத் தலைமுறைச் சீனக் குடும்பங்களில் ஒன்றிரண்டுக்கு நேர்ந்த விபத்தல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற சட்டம், கலாச்சாரப் புரட்சியில் வயலினையும் பியானோவையும் தொடவே பயந்த பெற்றோர், திடீரென்று திறந்த கதவு. மொத்த வீட்டின் ஆசையும் ஒரே ஜோடிக் கையில் போய் விழுந்தது.

வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் 1979இல் சீனா போனபோது எடுத்த ‘ஃபிரம் மாவோ டு மோட்சார்ட்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்த காலத்தின் முகங்கள் நினைவிருக்கும். பத்து வயதுப் பையன் ஒருவன் செல்லோ வாசிப்பான். வாங் ஜியான். அவனுக்கும் முதல் குரு அப்பாதான். அந்தப் பையன் வளர்ந்து உலக மேடைகளில் வாசித்தான். அதே படத்தில் ஷாங்காய்க் கல்விக்கழகத்தின் முதிய வயலின் ஆசிரியர் டான் ஷுஜென், கலாச்சாரப் புரட்சியில் தன்னை மாடிப்படிக்கு அடியிலிருந்த இருட்டறையில் பூட்டிவைத்ததைச் சொல்வார். இந்த இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் லியூ செங்கின் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

‘ஷைன்’ (1996) ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அப்பாவின் கொடுமையை அதைவிடக் கூர்மையாக யார் காட்டினார்கள் என்பார்கள். ஆர்மின் முல்லர்-ஸ்டால் மகா நடிகர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் அப்பாவை ஒரு சுவர்போல நிறுத்திவைத்து, மகனை அதில் மோதவிடுகிறது. மோதி உடைந்த மகனாக ஜெஃப்ரி ரஷ் வந்து ஆஸ்கர் வாங்கிப்போனார். உண்மை வாழ்க்கையில் எங்கள் தகப்பனார் அப்படிப்பட்டவர் அல்ல என்று அந்தப் படத்துக்கு மூலமான பியானோக் கலைஞர் டேவிட் ஹெல்ஃப்காட்டின் அக்கா மார்கரெட் ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. யார் சொல்வது சரி என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. கொடுமைக்கார அப்பாவைக் காட்டுவது கதைக்குச் சுலபம். பார்க்கிறவன் தன் வீட்டை அதில் பார்க்க மாட்டான். நான் அப்படியில்லை என்று நிம்மதியாக எழுந்து போவான். லியூ செங்கைப் பார்த்துவிட்டு அப்படி எழுந்து போக முடியாது. அவர் அன்பானவர், அசடு வழிகிறவர், பிள்ளைக்காகச் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு சேர்க்கிறவர். அத்தனை அன்போடும் பிள்ளையை அவனுக்குப் பிடித்த ஆசிரியரிடமிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்.

‘விட்டுஸ்’ (2006) பிடிக்கும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையே கிடையாது, எனக்கும் பிடிக்கும். புரூனோ கான்ஸ் தாத்தாவாக வந்து, தச்சுப் பட்டறையில் பேரனோடு உட்காரும் இடங்கள் அத்தனையும் தங்கம். டியோ கியோர்க்யூ என்ற பையன் நிஜமாகவே பியானோ வாசிக்கிறவன், அந்த விரல்களுக்கு ஈடில்லை. ஆனால் விட்டுஸ் பெற்றோரைவிடப் புத்திசாலி. மேதைமை போய்விட்டதுபோல நடித்து அம்மாவின் பிடியிலிருந்து தப்பித்துக்கொள்கிறான், பங்குச்சந்தையில் பணம் பண்ணுகிறான். ஸ்விட்சர்லாந்து வசதியான நாடு, கனவும் அதற்கேற்ற வசதியோடு வருகிறது. ஷியாவ்சுன்னுக்குத் தப்பித்துப் போக இடமில்லை. ‘விப்லாஷ்’ பற்றிக் கேட்கிறார்கள். அது வேறு விளையாட்டு, அதில் வீடே கிட்டத்தட்ட இல்லை.

இனி ஆசிரியர்கள். ஜியாங்காக வரும் வாங் ஜிவென்னுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நிறைய. பூனைகள், குவிந்து கிடக்கும் அழுக்குத் துணி, அறைக்குள் உடைந்துபோன ஒரு காதலின் வாடை, மனசிருந்தால் மட்டும் பாடம். அழகான நடிப்பு. அந்த மாதிரி வாத்தியாரை நமக்கெல்லாம் தெரியும். எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் பின்னால் பெரிய பெயர்களிடம் போயிருப்பார்கள். ஜியாங்கை விட்டு யூவிடம் மகனை மாற்ற வேண்டிய இடத்தில் லியூ செங் படும் பாட்டைப் பாருங்கள். நன்றி கெட்டவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ள அவருக்கு வார்த்தை தேவைப்படவில்லை. நிற்கிற நிலையிலேயே அது இருக்கிறது. அங்கேயும் கண் ஜியாங்கின் முகத்தில்தான். இந்த முறை மன்னிப்பு கிடைக்குமா என்று தேடுகிறது.

பேராசிரியர் யூவாக இயக்குநரே நடித்ததைப் பலர் தற்பெருமை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1993இல் ‘ஃபேர்வெல் மை கன்குபைன்’ படத்துக்குத் தங்கப் பனை வாங்கிய மனிதர், ‘டுகெதர்’ வந்த அதே 2002இல் ஆங்கிலத்தில் ‘கில்லிங் மி சாஃப்ட்லி’ என்ற படத்தை எடுத்து எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். வெற்றி என்றால் என்ன, அதைத் தயாரித்துக் கொடுக்கிற இடங்கள் எப்படியிருக்கும் என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரியும். பளபளக்கும் வீடு, கச்சிதமான உடை, மாணவர்களைச் சந்தைக்குத் தயார்செய்கிற நிதானம் என்று அத்தனையும் கொண்ட அந்தப் பேராசிரியரின் வேஷத்தை அவர் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் தானே போட்டுக்கொண்டார். யூவைக் கெட்டவனாகவும் காட்டவில்லை. அவர் சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை, பையன் அவரிடம் முன்னேறவும் செய்கிறான். வில்லன் இல்லாத படத்தில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு வலிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

ஷியாவ்சுன்னுக்குப் பழக்கமாகும் அண்டை வீட்டுப் பெண் லில்லியின் பகுதி நீளம் என்று ஒப்புக்கொள்கிறேன். சென் ஹொங் நன்றாகத்தான் செய்கிறார். படத்தின் தயாரிப்பாளரும், சென் கைகேவின் மனைவியும் அவரே. லில்லிக்கு ஒரு மேலங்கி வாங்கப் பையன் வயலினை விற்கிறான் என்கிற இடம் கதைக்கு அவசியம், ஏனென்றால் அந்த ஒரு காரியத்தில்தான் அவன் யாருடைய ஆசைக்காகவும் இல்லாமல் தன் ஆசைக்காக நடக்கிறான். ஆனால் அவளைச் சுற்றிய காதலன் தகராறெல்லாம் பாதியாகக் குறைந்திருக்கலாம்.

வயலினுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வயலின் வித்வான் ஒருவரோடு இந்தப் படத்தை ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தேன். பள்ளிக்கூட ஹால், இரும்பு நாற்காலி, சுவரில் கட்டிய வேட்டி போன்ற திரை. அவருக்கு மேற்கத்திய சங்கீதத்தில் ஈடுபாடு உண்டு, சினிமாவில் சுத்தமாக இல்லை. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் தோளைத் தட்டினார். “வலது கையைப் பாருங்க சார். மணிக்கட்டு எங்க திரும்பணுமோ அங்க திரும்பறது. வில்லு திரும்பற இடத்துல ஸ்வரமும் மாறறது. நம்ம படத்துல பாத்திருக்கேளா இத?” அதன்பின் கடைசி வரைக்கும் அவர் கதையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி, இடது கையைக் கமகத்துக்கென்று விடுவித்துக்கொண்டு வாசிக்கிற பழக்கத்திலிருந்து வந்தவர். நின்றுகொண்டு தாடையில் இடுக்கிய வயலினை ஒரு சிறுவன் எப்படிச் சுமை தெரியாமல் பிடித்திருக்கிறான் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஷியாவ்சுன்னாக வரும் தாங் யுன் வயலின் படித்த பையன். நடிகனாக அல்ல, வாசிப்பவனாகவே அவனைக் கண்டுபிடித்தார்கள். நம் காதில் விழுவது லி சுவான்யுன்னின் வாசிப்பு. பெய்ஜிங்கில் லின் யாவ்ஜியிடம் கற்றவர். படத்தில் யூவின் நட்சத்திர மாணவன் தாங் ரொங்காக அவரே வந்து நிற்கவும் செய்கிறார். சின்னப் பையனின் கை, பெரிய வித்வானின் ஒலி. இரண்டுக்கும் நடுவில் தையல் தெரியாமல் சேர்த்தது சாதாரணக் காரியமல்ல. ஒளிப்பதிவாளர் கொரியாவின் கிம் ஹியுங்-கூ, பையன் வாசிக்கும்போது கையிலிருந்து ஓடி ஒளிவதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, வில் முனை எல்லாம் ஒரே சட்டகத்தில் இருக்கும். பார், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்கிற சட்டகம்.

இந்த ஒழுங்கு இப்போது எங்கே போனது? சங்கீதத்தைப் பற்றிய படம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கச்சேரிக் காட்சி வந்தால் ஒரு விநாடிக்கு ஒரு வெட்டு. விரல், கண், விளக்கு, கூட்டம், மறுபடி விரல். நடிகரின் வில் ஒருபுறம் போகும், நாதம் இன்னொரு புறம் போகும். வீணையைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தால் நம் அதிர்ஷ்டம். ஒரு நடிகர் வாளைப் பிடிக்க ஆறு மாசம் பயிற்சி எடுத்தார் என்று பேட்டி கொடுக்கிறார்கள், வில்லைப் பிடிக்க ஆறு நாள் கொடுக்கத் தயாரிப்பாளருக்கு மனசில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் இன்னும் மோசம். குழந்தை பாடிக்கொண்டிருக்கும்போதே காமிரா பெற்றோரிடம் போய்விடுகிறது. அந்த அம்மாவும் அப்பாவும் பிள்ளையைப் பார்க்கவில்லை, நடுவர்களைப் பார்க்கிறார்கள். லியூ செங்கின் அதே பார்வை. அதை மெதுவாக்கி, மேலே வயலின் இழைத்து, மூன்று முறை திரும்பக் காட்டுகிறார்கள். குழந்தை எந்த ராகத்தில் பாடியது, மேல் ஸ்தாயியில் எங்கே திணறியது, எந்த இடத்தில் தன்னை மறந்தது என்பது யாருக்கும் வேண்டாம். ஒரு சமையல்காரரின் முகத்தில் அந்தப் பார்வையைக் கண்டுபிடித்து, அதற்காக அவர்மேல் நமக்கு இரக்கமும் பயமும் ஒருசேர வரவழைத்த ஒரு கலைஞன் இருந்தான் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

படத்தின்மேல் இன்னொரு குற்றச்சாட்டு, உணர்ச்சி மிகை. ‘எல்லோ எர்த்’ (1984) எடுத்த கை, வறண்ட மலையையும் வெறும் வானத்தையும் வைத்துப் பேசிய கை, இப்படிக் கண்ணீரில் நனையலாமா என்று அயல்நாட்டு விமர்சகர்கள் கேட்டார்கள். அதையே இங்கேயும் சிலர் திருப்பிச் சொன்னார்கள். படத்தின் கடைசியில் ஒலிக்கிற சைக்கோவ்ஸ்கியின் டி மேஜர் வயலின் கான்செர்ட்டோவும் இதே பேச்சு வாங்கியதுதான். 1878இல் எழுதியது. வயலின் மேதை லியோபோல்ட் ஆவர் வாசிக்கத் தயங்கினார். 1881இல் வியன்னாவில் அடோல்ஃப் பிராட்ஸ்கி அரங்கேற்றியபோது, ஹான்ஸ்லிக் என்ற பெரிய விமர்சகர் நாற்றமடிக்கும் இசை என்கிற அளவுக்கு எழுதினார். இன்றைக்கு அதை வாசிக்காத வயலின் கலைஞர் இல்லை. மிகை என்பது எவ்வளவு என்பதில் இல்லை. அந்த அளவைத் தாங்கக் கீழே அஸ்திவாரம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. அம்மாவின் வயலின் என்று சொல்லிக் கொடுத்தது பொய், அம்மா என்று சொன்னதும் பொய், ரயில் நிலையத்தில் வயலினோடு கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர் இவர் என்ற செய்தி வருகிற இடத்தில் அந்த அஸ்திவாரம் முழுவதும் தெரிகிறது. தன் ரத்தத்தின் பெருமைக்காக ஆசைப்பட்டவர் அல்ல லியூ செங். யாரோ விட்டுப்போன ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் யாரோ விட்டுப்போன ஒரு வயலின். அதை அவர் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டார். இவ்வளவு வருஷமும் அடுத்தவர் முகத்தைப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். தன்னிடம் வந்து சேர்ந்த பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதனால் ரயில் நிலையத்தில் நான் பார்ப்பது கண்ணீரையல்ல. அரங்கத்தில் பேராசிரியர் யூவின் இன்னொரு மாணவி லின் யூ வாசிக்கிறாள், இங்கே நடைமேடைக் கூட்டத்தின் நடுவில் ஷியாவ்சுன் வாசிக்கிறான், இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறார்கள். போட்டிக்குப் போகாமல் ஓடிவந்துவிட்டான் பையன், லியூ செங்கின் இத்தனை வருஷ ஆசையும் அந்தக் கணத்தில் காலி. சுற்றிலும் கேட்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த முகங்களிடம் கேட்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. லியூ பெய்ச்சி மகனைப் பார்க்கிறார். வாசிக்கிற மகனை இப்படி விடாமல் பார்க்க அவருக்கு முன்னால் எங்கே நேரமிருந்தது? அவர் கண்ணில் தெரிவது சந்தோஷமா, தோல்வியா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. பிரித்துச் சொல்ல முடியாதபடி நடித்திருக்கிறார் என்பதுதான் என் புகழ்ச்சி.

இதை எடுத்தவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சென் கைகேவின் அப்பா சென் ஹுவாய்-ஐ, ‘சாங் ஆஃப் யூத்’ (1959) எடுத்த இருவரில் ஒருவர். கலாச்சாரப் புரட்சியில் அவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தியபோது, பதின்மூன்று பதினான்கு வயது மகன் எல்லோரோடும் சேர்ந்து அப்பாவுக்கு எதிராகப் பேசினான். பின்னால் அதை ஒளிக்காமல் எழுதினார் சென் கைகே. ‘ஃபேர்வெல் மை கன்குபைன்’ படத்தில் பயந்துபோன மனிதர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிற தெருக்காட்சி அந்தக் காயத்திலிருந்து வந்தது என்றால், ரயில் நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடிவருகிற பையனும் அதே காயத்திலிருந்துதான் வருகிறான். படத்துக்கு இசையமைத்த ஜாவ் லின், ‘எல்லோ எர்த்’துக்கும் ‘கன்குபைன்’னுக்கும் இசையமைத்த ஜாவ் ஜிபிங்கின் மகன். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்கார்ந்து, அப்பாவும் மகனும் பற்றிய படத்துக்கு எழுதியிருக்கிறார். அதிகம் எழுதாமல், வயலினுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறார்.

சென் கைகேவோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஷுவெ ஷியாவ்லு. ‘டுகெதர்’ பிடித்தவர்கள் அவரே இயக்கிய ‘ஓஷன் ஹெவன்’ (2010) படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். ஜெட் லீ ஒரு முறைகூடக் கையை ஓங்காமல் நடித்த படம். மீன் காட்சியகத்தில் வேலை செய்கிற அப்பா, ஆட்டிசம் உள்ள வளர்ந்த மகன், அப்பாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகன் மேடையேற வேண்டும், பெயர் வாங்க வேண்டும் என்ற பேச்சே அதில் கிடையாது. முட்டை வேகவைக்கவும், பேருந்தில் ஏறிச் சரியான நிறுத்தத்தில் இறங்கவும் அவன் கற்றுக்கொண்டால் போதும். அதைச் சொல்லிக்கொடுக்க ஜெட் லீ படுகிற பாட்டையும், பெய்ஜிங்கில் ஒரு பேராசிரியரைப் பிடிக்க லியூ பெய்ச்சி படுகிற பாட்டையும் ஒருவரே எழுதியிருக்கிறார்.